ஐந்தாவது பாரில் கார்டு மாறுகிறது

அன்புள்ள ரமேஷ்,

நலம்தானே? நீ அனுப்பிய ப்ளூஸ் கிடார் பதிவை மூன்று தடவை கேட்டேன். விரலில் குறையே இல்லை. ஆனால் பின்னால் ஏ7, டி7, இ7 என்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிக்கொண்டே இருக்க, நீ 12 பாரும் (நாலு பீட் ஒரு பார்) ஏ மைனர் பெண்டாடானிக் என்ற ஐந்து ஸ்வரப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய். அபஸ்வரம் என்று சொல்ல முடியாது. கார்டு மாறியது மட்டும் உன் சோலோவில் கேட்கவில்லை.

எல்லா கார்டு நோட்டையும் மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடாதே. கார்டின் அடி நோட்டிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவதும் ஏழாவதும் போதும். ஏ7-க்கு அவை சி ஷார்ப், ஜி. மூன்றாவது ஸ்ட்ரிங்கில் 6-வது ஃப்ரெட் (கிடார் கழுத்தின் குறுக்குக் கம்பி), நான்காவதில் 5-வது. இரண்டையும் சேர்த்துப் பிடி. அந்தப் பிடியை அப்படியே ஒரு ஃப்ரெட் இறக்கினால் சி, எஃப் ஷார்ப், அது டி7. ஏ7-இலிருந்து ஒரு ஃப்ரெட் ஏற்றினால் டி, ஜி ஷார்ப், அது இ7. அவ்வளவுதான், ப்ளூஸ் மொத்தமும் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது.

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 பீட்டில் வைத்து, பாருக்கு ஒரே நோட், மூன்றாவது ஸ்ட்ரிங்கில் மட்டும் வாசி: சி ஷார்ப் நாலு பார், சி இரண்டு, மறுபடி சி ஷார்ப் இரண்டு, டி ஒன்று, சி ஒன்று, சி ஷார்ப் ஒன்று, கடைசிக்கு டி. சலிப்பாகத்தான் இருக்கும், வாயாலும் பாடிக்கொண்டே வாசி. பிறகு நான்காவது ஸ்ட்ரிங்கிலும், அதே பிடியில் வரும் நோட்டை வைத்து, இதையே செய். இது பழகியபின், முதல் பீட்டில் அந்த நோட்டைப் பிடித்துவிட்டு மற்ற மூன்று பீட்டில் உன் பெண்டாடானிக்கை இஷ்டம்போல் வாசிக்கலாம்.

எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கார்டு மாறியதைக் கேட்டபிறகு விரலை நகர்த்துவார்கள். அரை பீட் பிந்திவிடும். நாலாவது பாரின் கடைசி அரை பீட்டிலேயே நான்காவது ஸ்ட்ரிங்கின் 3-வது ஃப்ரெட்டைத் தொட்டு, ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் 4-வதுக்கு வா. அந்த எஃப், எஃப் ஷார்ப்புக்குக் கட்டியம் கூறுகிற நோட், அதில் தங்காதே.

இன்னொன்று, உன் பெண்டிங், அதாவது ஸ்ட்ரிங்கைத் தள்ளி ஸ்வரத்தை ஏற்றுவது. ஏ7 ஓடும்போது சி-யைக் கால் ஸ்வரம் தள்ளுவது அழகு. அதே பழக்கத்தில் டி7-இலும் தள்ளுகிறாய். அங்கே சி ஏழாவது நோட், அதை சி ஷார்ப் பக்கம் இழுத்தால் கார்டோடு இடிக்கும். அசைக்காமல் நிறுத்து.

கர்நாடக வயலின் கற்ற காதுக்கு இது ஆரம்பத்தில் பிடிபடாதுதான். ஏ-யை ஸட்ஜமாக வைத்துப் பார்: ஐந்தாவது பாரில் அந்தர காந்தாரத்தை (சி ஷார்ப்) விட்டு சாதாரண காந்தாரத்துக்கு (சி) வரச் சொல்கிறேன். தம்புரா அசையாது, இங்கே கார்டோடு தரையே நகர்கிறது.

ஆர்பெஜியோவை (கார்டு நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிப்பதை) எப்போதும் ரூட்டிலிருந்து, அதாவது அடி நோட்டிலிருந்து, மேலே ஏற்றாதே, பாடப்புத்தகம் மாதிரி கேட்கும். கை எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்திலுள்ள கார்டு நோட்டில் இறங்கு.

அடுத்த பதிவில் பின்னணியை எடுத்துவிட்டு கிடார் மட்டும் அனுப்பு. எந்தப் பாரில் டி7 வந்தது என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
குமார்