நாடகங்களையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்

மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

கிளை நூலகங்களில் நாடக நூல்கள் இனி 'ரெஃபரன்ஸ்' மட்டும்தான், இரவல் கிடையாது என்ற உத்தரவு தாங்கள் அறிந்ததே. ஏன் என்று எங்கள் நூலகரைக் கேட்டேன். "மேலேர்ந்து வந்த ஆர்டர்க்கா, என்னைக் கேட்டா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. அதனால்தான் மேலேயே எழுதுகிறேன்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலைப் போன மாதம் எடுத்துவந்து மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். நடவுக்கும் களைபறிக்கவும் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர். எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்த நாவலுக்குக் கருவான சம்பவத்தை, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பத்தார் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தியதை, அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல்தான், எழுத்திலும் குறையில்லை. ஆனால் கொளுத்தியவனின் ஆண்மைக் குறைவை அவ்வளவு தோண்டியது எனக்கு உறுத்தியது. மாமியார் நேராகவே கேட்டார்: "எரிச்சவன் சீக்கையே சொல்லிக்கிட்டிருக்காரே, எரிஞ்சவங்க சங்கதி எப்ப வரும்?"

இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்திலாவது பதில் இருக்குமா என்று தேடிப் போனேன். கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. சாவி வரும்வரை காத்திருந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். நந்தனார் கதையைப் பெரியபுராணத்தில் சொன்ன சேக்கிழாரில் பண்ணையார் இல்லை. 40 வேலி வயல்வேலையையும் முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று சொல்லும் வேதியப் பண்ணையாரைத் தன் 'நந்தனார் சரித்திர'த்தில் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். ஒரே ராத்திரியில்! அந்தக் கட்டளையின் குரூரம் வயலில் இறங்கியவர்களுக்குத்தான் உறைக்கும். இந்திரா பார்த்தசாரதியோ நந்தனை நெருப்பில் இறக்கியது பக்தியல்ல, சூழ்ச்சி என்கிறார். படித்துக்கொண்டே வந்தவள் வசனத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பேப்பர் படித்த பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நூலகர் 'அமைதி காக்கவும்' பலகையைக் காட்டினார்.

நாடகத்தை வாயை மூடிக்கொண்டு படி என்றால் எப்படி? மாமியாருக்கு முழங்கால் வலி, நூலகப் படியேற முடியாது. ஏறி வந்தாலும் அங்கே வாசித்துக் காட்ட முடியாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

தொலைந்துபோகும் என்று பயமா? குரூப் 4 வழிகாட்டிகள் தாராளமாகப் போய், விடைப் பக்கம் இல்லாமல் திரும்பி வருகின்றன. அவற்றை யாரும் பீரோவில் பூட்டவில்லை. இந்திய நூலக அறிவியலின் தந்தை ரங்கநாதன் சீர்காழிக்காரர். 1931இல் அவர் தந்த ஐந்து விதிகளில் முதலாவதே 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பதுதான். நூலகர் தினமான ஆகஸ்ட் 12 அன்று அவர் படத்துக்கு மாலை போடும்போது அந்த பீரோவை ஒரு துணியால் மூடிவிடுவது உத்தமம்.

பழைய தஞ்சை மாவட்டத்துப் புஞ்சை கிராமத்தில் பிறந்த நாடகாசிரியர் ந. முத்துசாமியும் தன் கூத்துப்பட்டறை நாடகக் குழுவை 1977இல் சென்னையில்தான் தொடங்கினார். எங்கள் திருவிழா மேடைக்கு வருவது 'ஆடல் பாடல்' மட்டும். மேடையில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, புத்தகத்திலும் பூட்டா? கடைமடைக்குத் தண்ணீர்தான் கடைசியில் வரும், நாடகமுமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: நாவலைப் போலவே நாடகத்தையும் இரவல் கொடுங்கள். கூடுதல் வைப்புத்தொகை கேட்டாலும் கட்டுகிறோம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அறுவடை தொடங்குவதற்குள் உத்தரவு வந்தால் உதவியாக இருக்கும். அப்புறம் வாசிக்க எனக்கும் நேரமிருக்காது, கேட்க மாமியாருக்கும் நேரமிருக்காது.

இப்படிக்கு,
கடைமடை வாசகி ஒருத்தி