ஹாட் டாக்கும் புளித்த முட்டைக்கோஸும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு, திட்டாதே. தங்கச்சிக்குக் கால்வலி தேவலையா?

எனக்கு பிரஷர் வந்துவிட்டது. மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இங்கே நியூயார்க்கில் ஆபீஸ் வாசலிலேயே ஹாட் டாக், அதாவது நீள பன்னுக்குள் சாஸேஜ் என்கிற இறைச்சிக் குழலை வைத்துத் தருவது, விற்கும் தள்ளுவண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்க, வண்டிக்காரர் இடுக்கியால் சவர்க்ராட்டை, அதாவது உப்பில் புளிக்க வைத்த முட்டைக்கோஸை, தண்ணீர் சொட்டச் சொட்ட அள்ளி வைப்பார். "காய்கறி நிறையப் போட்டுத்தான் சாப்பிடுகிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் லேபிள்களைப் படித்தேன். மாட்டிறைச்சி சாஸேஜ் ஒன்றில் சோடியம், அதாவது பிரஷரை ஏற்றும் உப்புச் சத்து, 500 மில்லிகிராம் பக்கம், பன்னில் 200, கால் கப் சவர்க்ராட்டில் இன்னொரு 200 சொச்சம், கடுகு சாஸையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தொட்டுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வதே 2000-க்குக் கீழேதான்! சவர்க்ராட்டை மட்டும் பார்த்தால் நல்ல சாமான்தான், 100 கிராமில் 19 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து, கொஞ்சம் வைட்டமின் சி. ஆனால் வண்டியில் கிடைப்பது இரண்டு ஸ்பூன்.

சரி, குடலுக்கு நல்ல கிருமி இருக்குமே என்று கேட்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். வேடிக்கை என்னவென்றால், நம் இட்லி மாவைப் பொங்க வைக்கும் லூக்கோநாஸ்டாக் பாக்டீரியாதான் முட்டைக்கோஸையும் முதலில் புளிக்க வைக்கிறது. இட்லியை அவித்தால் அது செத்துவிடுகிற மாதிரி, வண்டிச் சூட்டிலும் செத்துவிடும். டப்பாவில் வருவதும் சூடாக்கி அடைத்ததுதான். உயிரோடு வேண்டுமென்றால், பிரிட்ஜில் வைத்து விற்கும் பாட்டிலில், சூடாக்காதது என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்க வேண்டும்.

சாஸேஜ் சங்கதி வேறு. பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்று 2015-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லிவிட்டது. ஒரு சாஸேஜே ஏறக்குறைய 50 கிராம்! முட்டைக்கோஸை மலையாகக் குவித்தாலும் அது மாறாது.

இப்போது மாதம் ஒரு ஹாட் டாக்கோடு சரி. சவர்க்ராட்டை மட்டும் வீட்டில் லேசாக அலசி, சூடாக்காமல் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறேன், பிரமாதம்.

அப்புறம், உன் பிரஷர் எவ்வளவு? ஊறுகாயை நிறுத்திவிட்டேன் என்று மட்டும் எழுதாதே, நம்ப மாட்டேன்.

உன் பழைய பெஞ்ச்மேட்