தகதானோபாபாவில் கைமாறும் அடுப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டோக்கியோவின் ராமென் தெருக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராமென் என்பது சூடான சூப்பில் போட்டுத் தரும் நூடுல்ஸ். ஒரே தெருவில் இத்தனை நூடுல்ஸ் கடைகள் அடுத்தடுத்து இருந்தும் எல்லோரும் பிழைக்கிறார்கள் என்றும், அதற்கு ஜப்பானியரின் ஒற்றுமையே காரணம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு தெருவில் பதினெட்டு மாதம் கிண்ணம் கழுவியவள் நான். எல்லோரும் பிழைக்கவில்லை. ஒற்றுமையையும் நான் அங்கே பார்க்கவில்லை.

நான் இருந்த இடத்தின் பெயர் தகதானோபாபா. டோக்கியோவின் ஷிஞ்ஜுகு வட்டத்தில் இருக்கிறது. மாணவர்கள் சுருக்கமாக 'பாபா' என்பார்கள். "பாபாவில்தான் இருக்கிறேன்" என்று முதல் வாரம் தொலைபேசியில் சொன்னபோது அம்மா ஏதோ ஆசிரமம் என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் 'பாபா' என்றால் குதிரை பழக்கும் மைதானம். ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட காலத்துப் பெயர். இப்போது குதிரை இல்லை, ரயில்தான். யமனோதே வட்டப்பாதையும் செய்பு ஷிஞ்ஜுகு பாதையும் சுரங்கப்பாதையான தோசாயும் சந்திக்கும் நிலையம் அது. நிலையத்திலிருந்து கிழக்கே வாசெதா தெரு வழியாக இருபது நிமிடம் நடந்தால் 1882-இல் தொடங்கப்பட்ட வாசெதா பல்கலைக்கழகம் வரும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடம். இடையில் தனிப்பயிற்சி நிலையங்கள், என்னைப் போன்ற வெளிநாட்டவருக்கான மொழிப் பள்ளிகள். இந்த இருபது நிமிடப் பாதையிலும் அதன் சந்துகளிலும்தான் ராமென் கடைகள் மொய்த்துக்கிடக்கின்றன.

இப்படிப்பட்ட பகுதியை அங்கே 'கெகிசென்கு' என்பார்கள். கடும் போர் நடக்கும் வட்டாரம் என்று பொருள். தேர்தலில் இழுபறியாக இருக்கும் தொகுதிக்கும் இதே சொல்தான். இந்தச் சொல்லை மட்டும் உங்கள் கட்டுரையாளர் விசாரித்திருந்தால் 'ஒற்றுமை' என்று எழுதியிருக்க மாட்டார்.

2012 ஏப்ரலில் மொழிப் பள்ளியில் சேர்ந்தேன். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. அக்டோபரில் ஒரு ராமென் கடையில் இடம் கிடைத்தது. கடையின் பெயர் வேண்டாம். இப்போது அது இல்லை. மணிக்கு 850 யென் கூலி. அப்போது டோக்கியோவில் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியும் அதே 850தான். ஒரு யென் கூட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் எங்கள் 'டென்ச்சோ' கவனமாக இருந்தார். கடை நடத்துபவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். வாசலில் டிக்கெட் இயந்திரம், உள்ளே ஒன்பது நாற்காலி, பலகைக்கு அந்தப்பக்கம் அடுப்பு. வருகிறவர் டிக்கெட்டை வைப்பார், பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிப்பார், எழுந்துவிடுவார். பேச்சுக்கு இடமில்லை. சைவ வீட்டில் பிறந்த நான், பன்றி முழங்கால் எலும்பு பொங்கும் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று முதல் மாதம் முழுவதும் வாயால்தான் மூச்சு விட்டேன்.

பக்கத்துக் கட்டடத்தில் புகழ்பெற்ற இன்னொரு ராமென் கடை இருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு அதன் வாசலில் இருபது பேர் நிற்பார்கள். டென்ச்சோ என்னை அடிக்கடி வெளியே அனுப்பி எத்தனை பேர் என்று எண்ணிவரச் சொல்வார். பொறாமை என்றுதான் முதலில் நினைத்தேன். "பதினெட்டு" என்று சொன்னால் உடனே நூடுல்ஸ் பெட்டியைத் திறந்துவைப்பார். வரிசையைப் பார்த்து மலைத்துப்போகிறவர்களில் மூன்று நான்கு பேர் எங்கள் பக்கம் திரும்புவார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கடைக்குச் செவ்வாய் வார விடுமுறை. அன்று எங்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். வாரத்திலேயே செவ்வாய்தான் எங்களுக்கு மந்தம். தெருவுக்கே ஆள் குறைந்துவிடும். தொலைவிலிருந்து ரயிலேறி வருகிற ராமென் பித்தர்கள் உண்டு. ஒரு கடையில் முடித்த கையோடு அடுத்த கடைக்குள் நுழைவார்கள். அதற்கு 'ரென்ஷொகு', தொடர் உண்ணல், என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்கள் கடைக்காக வருவதில்லை. ஒரே பயணத்தில் இரண்டு கிண்ணம் பார்த்துவிடலாம் என்று வருகிறார்கள்.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரிக் கிண்ணமாக இருந்தால் இது நடக்காது. பக்கத்துக் கடை சோயா சாறு கலந்த தெளிந்த சூப்பு. எங்களுடையது மீனும் பன்றியெலும்பும் சேர்ந்த கூழ் போன்ற குழம்பில் நூடுல்ஸைத் தனியே தொட்டுச் சாப்பிடும் 'ட்சுகெமென்'. எதிர்ச் சந்தில் சூப்பே இல்லாமல் எண்ணெயும் சாறும் வினிகரும் விட்டுப் பிசைந்து தின்னும் 'அபுராசோபா'. மாணவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். தள்ளி யொகொஹாமா பாணிக் கடை, சோறு இலவசம். சூப்பில் முந்த முடியாதவர் அளவில் முந்துவார். மாணவர் அட்டையைக் காட்டினால் பெரிய கிண்ணம் அதே விலை என்று ஒரு கடை எழுதி ஒட்டியது. மறுவாரமே நாங்களும் ஒட்டினோம். ஒட்டிய நோட்டீஸை எழுதியது நான்தான். என் கையெழுத்து குழந்தை எழுதியதுபோல இருக்கிறது, அதனால் ஆட்கள் நின்று படிக்கிறார்கள் என்று டென்ச்சோ மகிழ்ந்தார். இலாபம் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதுவரை சொன்னது எல்லாக் கடைத்தெருவுக்கும் பொருந்தும், நம் ஊர் நகைக்கடை வீதிக்கும்தான். ராமெனுக்கு மட்டும் உரிய காரணம் ஒன்று உண்டு. அது சமையலறைத் தரைக்கு அடியில் இருக்கிறது.

நாள்தோறும் எலும்பு கொதிக்கும் கடைக்குப் பெரிய காஸ் குழாய் வேண்டும். கூரைவரை போகும் புகைபோக்கி வேண்டும். தரையை உயர்த்தி, கழிவுநீர் போகும் வழியில் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் தொட்டி ஒன்று புதைக்க வேண்டும். 'கிரீஸ் டிராப்' என்பார்கள். இரவில் அதன் மூடியைத் திறந்து, மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும் கொழுப்பை வாரி எடுப்பது என் வேலை. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதினால் நீங்கள் அச்சிட மாட்டீர்கள். இவையெல்லாம் இல்லாத வெற்றுக் கடையைப் புதிதாகத் தயார் செய்தால் ஒரு கோடி யென் வரை விழுங்கிவிடும் என்று டென்ச்சோ சொல்வார். பணம் இருந்தாலும் கட்டடக்காரர் சம்மதிக்க வேண்டும். ஜப்பானில் வாடகைத் தரகர்கள் உணவுக் கடைகளை இலேசானவை, கனமானவை என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். காபிக் கடை இலேசு. எண்ணெய், புகை, மணம் மூன்றும் உள்ளவை 'ஜூ-இன்ஷொகு', கனத்த உணவு. அதற்கு அனுமதி இல்லை என்று பல கட்டடங்களில் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். ராமென், இறைச்சி சுடும் கடை, சீனச் சமையல் ஆகியவற்றோடு நம்முடைய இந்தியக் குழம்புக் கடையும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதைத் தாளிப்பு வாசனைக்குக் கிடைத்த அங்கீகாரமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, புதிதாக ராமென் கடை வைக்க ஆசைப்படுகிறவர் தெருத்தெருவாக இடம் தேடுவதில்லை. மூடிப்போன ராமென் கடையைத் தேடுகிறார். மூடுகிறவருக்கும் அதுவே வசதி. வழக்கமான ஒப்பந்தப்படி அவர் கடையை வெறும் சிமென்ட் கூடாக இடித்துத் திருப்பித்தர வேண்டும். இடிக்கிற கூலியே பல லட்சம் யென். அடுப்பு, தொட்டி, பலகை, நாற்காலி எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்ள அடுத்தவர் கிடைத்தால் இடிக்கும் செலவும் மிச்சம், கையில் கொஞ்சம் பணமும் வரும். இப்படி உள்ளிருப்போடு கைமாறுவதற்கு 'இனுகி' என்று பெயர். ஒரு தெருவில் பத்து ராமென் சமையலறைகள் ஒருமுறை உருவாகிவிட்டால், கடைக்காரர் பத்துப் பேரும் தோற்று ஓடினாலும் அந்தத் தெரு ராமென் தெருவாகவே நிற்பதற்கு இதுதான் காரணம்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் விடுமுறை. வாசெதா தெரு வெறிச்சோடிவிடும். வாடகை மட்டும் விடுமுறை எடுக்காது. 2013 பிப்ரவரியில் ஒருநாள் மதியம் முழுவதும் பதினொரு கிண்ணம்தான் கழுவினேன். மார்ச் நடுவில் டென்ச்சோ என்னை உட்காரவைத்து, மாதக் கடைசியோடு முடிக்கப்போவதாகச் சொல்லிக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு மாணவியிடம். என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன். அந்தக் கடைசி வாரத்தில் அடுத்த கடைக்காரர் அளவெடுக்க வந்தார். இடதுபக்க அடுப்பு முதல் திருகலில் பற்றாது, லேசாக அழுத்திக்கொண்டு திருக வேண்டும். அதைக் காட்டச் சொல்லி டென்ச்சோ என்னை அழைத்தார். காட்டினேன். "ஏப்ரலில் வேலைக்கு வருகிறாயா?" என்றார் புதியவர். அடுப்போடு சேர்த்து என்னையும் வாங்கிக்கொண்டார். கடை வாசலில் தொங்கும் பழைய துணித்திரை இறங்கியது, புதியது ஏறியது. கோழியெலும்பை வெள்ளையாகக் கொதிக்கவைத்த சூப்பு. அதே ஒன்பது நாற்காலி. பக்கத்துக் கடைக்காரர் ஒரு பூந்தொட்டி அனுப்பினார். கட்டுரையாளர் பார்த்த ஒற்றுமை ஒருவேளை இதுவாக இருக்கலாம். அன்று மாலையே தன் கடையின் முட்டை விலையைக் குறைத்துவிட்டார்.

2014 மார்ச்சில் படிப்பு முடிந்து ஊர் திரும்பினேன். அந்த ஏப்ரலில் விற்பனை வரி 5 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவிருந்தது; டிக்கெட் இயந்திரத்தின் பொத்தான்களுக்குப் புதிய விலைச் சீட்டு வெட்டியதுதான் அங்கே நான் செய்த கடைசி வேலை.

கட்டுரையில் எல்லா ராமென் வட்டாரங்களையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். யொகொஹாமாவில் 1994-இல் திறந்த ராமென் அருங்காட்சியகம் கடைகளைத் தேர்ந்தெடுத்து உள்ளே அமர்த்திய இடம். டோக்கியோ நிலையத்துக்கு அடியில் உள்ள ராமென் வீதியும் அப்படியே. அவற்றைத் தகதானோபாபாவோடு சேர்ப்பது பொருட்காட்சியையும் சந்தையையும் ஒன்று என்பது போலத்தான். புகுவோகா நகரத்தின் நகஹாமா பகுதி வேறு கதை. அங்கே மீன் சந்தைத் தொழிலாளர்களுக்கு நேரமில்லை, அதனால் நொடியில் வேகும் மெல்லிய நூடுல்ஸ். அது சூப்பில் சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் கொஞ்சமாகப் போட்டு, கேட்கக் கேட்கத் தனி நூடுல்ஸ் தரும் வழக்கம் வந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் அதனதன் வயிறு உண்டு.

2024 நவம்பரில் ஒரு வணிகக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக மறுபடி போனேன். நிலையத்தில் ரயில் புறப்படும்போது அதே 'ஆஸ்ட்ரோ பாய்' கார்ட்டூன் மெட்டு. கதைப்படி அந்த இயந்திரச் சிறுவன் பிறந்தது தகதானோபாபாவில். பர்மியக் கடைகள் இப்போது நிறைய. ஒன்றில் 'பலாட்டா' சாப்பிட்டேன், நம் பரோட்டாவேதான். பிறகு பழைய கடைக்குப் போனேன். துணித்திரை மறுபடி மாறியிருந்தது. ஒரு கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டியிருந்தது. அந்த எல்லையைத் தாண்டினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று எங்கள் காலத்தில் எல்லோரும் நடுங்குவார்கள். டெய்கோகு டேட்டாபேங்க் என்ற வணிக ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி அந்த ஓராண்டில் மட்டும் ஜப்பானில் 72 ராமென் நிறுவனங்கள் திவாலாயின, அதுவரை இல்லாத எண்ணிக்கை. சத்தமில்லாமல் மூடியவை அதில் வராது. எங்கள் டென்ச்சோவைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பையன் ஒருவன் இடதுபக்க அடுப்பை அழுத்திக்கொண்டு திருகினான்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு நீங்கள் பெரிதாகப் போட்டிருந்த படத்தில் துணித்திரையில் எழுதியிருப்பது 'ராமென்' அல்ல, 'சோபா'. அது பக்வீட் என்ற வேறு மாவு, வேறு கடை.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழி ஆசிரியை ஒருவர்,
கோயம்புத்தூர்.