குளிரிடம் வீரம் காட்ட வேண்டாம்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. மைனஸ் 12 டிகிரியில் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு கடைக்குப் போய் வந்தேன், இங்கேயே பிறந்தவர்கள் என்னைவிட அதிகமாகப் போர்த்திக்கொண்டு போகிறார்கள் என்று சிரித்து எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அதைப் படித்ததிலிருந்து பயம். எனக்குக் கொஞ்சம் கோபம். நீ சிரித்தாயே, அந்த ஆட்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

குளிர்நாட்டுக்காரன் பழகிவிட்டான், அவனுக்குக் குளிராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியெல்லாம் இல்லையப்பா. மனித உடம்பு வெப்பமண்டலத்தில் உருவானது. துணியில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நடுங்காமலும் வியர்க்காமலும் இருக்க ஏறக்குறைய 28 டிகிரி வேண்டும். எந்த நாட்டில் பிறந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

சைபீரியாவில் யாகுட்ஸ்க் என்று ஒரு நகரம். ஜனவரியில் அதன் சராசரி வெப்பநிலை மைனஸ் 38-ஐ ஒட்டி இருக்கும். அங்கே நடுவயதினரையும் முதியவர்களையும் வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1998-ல் வெளிவந்தது. மைனஸ் 40-க்குக் கீழே போன நாட்களிலும் மொத்த இறப்பு கூடவில்லை. அதற்கு முந்தைய வருஷம் ஐரோப்பாவில் வேறோர் ஆய்வு வந்திருந்தது. அதன்படி, வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் இறப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால், பின்லாந்தைவிட ஏதென்ஸில்தான் அதிகம்! தலைகீழாக இருக்கிறதல்லவா? ஒரே அளவு குளிரான நாளில் பின்லாந்துக்காரர் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொள்கிறார், வீட்டையும் சூடாக வைத்திருக்கிறார். மிதமான ஊர்க்காரர், "இது என்ன பெரிய குளிர்" என்று அப்படியே வெளியே கிளம்பிவிடுகிறார். யாகுட்ஸ்க் மக்களும் அப்படித்தான்: அடுக்கடுக்காக ரோம உடை, கதகதப்பான வீடு. அவர்கள் குளிரைத் தாங்குவதே இல்லை, தங்களிடம் அதை வரவிடுவதில்லை.

ஆர்க்டிக்கில் வாழும் இனுயிட் மக்களின் பழைய உடையைப் பற்றிப் படித்துப் பார். கரிபூ மானின் தோலில் இரண்டு அங்கிகள். உள்ளே போடுவதில் ரோமம் உடம்பைப் பார்த்து இருக்கும், வெளியே போடுவதில் ரோமம் வெளிப்பக்கம் இருக்கும். ரோமத்திலும் அங்கிகளுக்கு நடுவிலும் சிக்கிக்கொண்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அந்த உடை போட்டவருக்குக் குளிரைவிட வியர்வை மேல்தான் பயம். நனைந்த உடையில் காற்று நிற்காது, உடம்புச் சூட்டை ஈரம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் உடம்பை வருத்தும் வேலை வந்தால் கழுத்தைத் தளர்த்திவிடுவார்கள், அங்கியில் ஒன்றைக் கழற்றிவிடுவார்கள். உனக்கும் இதுதான் பாடம். ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. வியர்ப்பதற்கு முன்னாலேயே ஒன்றைக் கழற்று. உடம்போடு ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு பருத்தியாக வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி போடு.

இரண்டு மடக்கு குடித்தால் குளிர் ஓடிவிடும் என்று நண்பர்கள் யாராவது சொல்வார்கள். மது தோலுக்கு வரும் ரத்தக் குழாய்களை விரிக்கும், சூடாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் சூடுதான் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதற்கு மேல் இதைப் பற்றி அப்பா பேசப்போவதில்லை.

அடுத்த வருஷம் பாலைவனத்து வேலைக்கு மாற்றுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உண்மையில் அதுதான் கவலை. கப்பலில் எஞ்சின் அறையில் நான் பார்த்தது இது: புதிதாக வந்த பையன்கள்தான் மூச்சு வாங்கினாலும் நிறுத்தாமல் வேலை செய்வார்கள். வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தவர்கள் சட்டென்று மேலே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். சோம்பேறி என்று பேர் வாங்கினாலும் கவலைப்படமாட்டார்கள்.

குளிரைப்போல் அல்லாமல் வெப்பத்துக்கு உடம்பு நன்றாகவே பழகும். ஆனால் அதற்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அதற்குள் வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். வெயிலில் வேலை செய்து இறந்துபோகிறவர்களில் பெரும்பங்கு வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் இறந்தவர்கள்தான். முதல் நாள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு இன்னொரு பங்கு என்று கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் அமெரிக்கத் தொழில்நலத் துறையினர். மேலாளர் முகம் சுளித்தாலும் இதைக் கேட்டு வாங்கிக்கொள். ஒரு மாதம் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினாலும் மறுபடி முதலிலிருந்துதான், பழக்கம் அதற்குள் போய்விடும்.

பாலைவனத்தில் பெதோயின் மக்கள் கறுப்பு அங்கி போடுவதைப் பார்த்தால் உனக்கு வியப்பாக இருக்கும். கறுப்பு வெயிலை உறிஞ்சுமே! 1980-ல் இதை அளந்தே பார்த்தார்கள். கறுப்பு அங்கி கூடுதலாகச் சூடேறுகிறது. ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வருமுன்னே காற்றோடு போய்விடுகிறது, உள்ளே இருப்பவருக்கு வெள்ளை அங்கியின் அளவுதான் சூடு. துணி தொளதொளவென்று இருப்பதுதான் இதில் முக்கியம். ஆகவே வெயிலுக்கு அரைக்கைச் சட்டை, அரை டிரவுசர் என்று கிளம்பிவிடாதே.

வீடுகளும் இதே கதைதான். ஈரானின் யஸ்த் நகரத்தில் கூரைக்கு மேல் கோபுரம் கட்டி மேல்காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஓப்பல் கல் தோண்டும் கூபர் பீடியில் பாதிப்பேர் நிலத்தடியில் குடியிருக்கிறார்கள், வெளியே 45 டிகிரி அடிக்கும்போதும் உள்ளே 25-ஐ ஒட்டி இருக்கும். இதற்கு மாறாக, 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வெப்பத்தால் இறந்தார்கள். சூட்டை உள்ளே பிடித்துவைக்கக் கட்டிய வீடுகள், தனியாக இருந்த முதியவர்கள். பாலைவனம் சர்வ சாதாரணமாகக் கடந்துபோகும் வெப்பநிலைதான் அது.

இன்னொன்று. டிகிரியை மட்டும் பார்க்காதே, காற்றின் ஈரத்தையும் பார். வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். வறண்ட 42 டிகிரியைச் சமாளிக்கிறவன், கடற்கரை ஊரின் ஈரமான 36-ல் சுருண்டு விழலாம். தலைவலி, குமட்டல் வந்தால் நிழலுக்கு வந்துவிடு. பேச்சு குழறினால், குழப்பமாகப் பேசினால் அது ஆபத்து. உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸையும் கூப்பிட வேண்டும். இதை உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லிவை, அந்த நிலையில் உனக்கே தெரியாது.

சரி, அது அடுத்த வருஷத்துக் கதை. இப்போதைக்கு, பூட்ஸை ஒரு அளவு பெரிதாகவே வாங்கு. இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிடும். கையுறையிலும் விரல் பிரிக்காததாக எடு, விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால்தான் சூடு நிற்கும். அம்மா குல்லா பின்ன ஆரம்பித்துவிட்டாள், தலைச் சுற்றளவு எவ்வளவு என்று அளந்து எழுதச் சொல்கிறாள். காது மூடும்படி வேண்டுமா என்றும் கேட்டாள். வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா