குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 18 ஆண்டுகளாகப் பணிபுரியும் இடைநிலை ஆசிரியை நான். செயல்வழிக் கற்றல் முதல் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வரை எல்லாப் பயிற்சிகளுக்கும் சென்றிருக்கிறேன். அவற்றால் பயனும் அடைந்திருக்கிறேன். ஆனால், என் கற்பித்தலை அதிகம் திருத்தியது ஒரு குழந்தையின் கணக்கு நோட்டுதான்.

கடந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னபோது, ஒரு மாணவி 45 என்று எழுதியிருந்தாள். வழக்கம்போலச் சிவப்பு மையால் சுழித்துவிடாமல், அருகில் அமர்ந்து எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பெருசுல இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள். ஒன்றாம் இடத்தில் 7-இலிருந்து 2-ஐயும், பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 1-ஐயும் கழித்திருந்தாள். நான் சொன்னதை அப்படியே செய்திருந்தாள். மறுநாள் பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னேன். 12 உதிரிகளிலிருந்து 7-ஐ எடுத்தாள், பிறகு ஒரு கட்டையும் எடுத்து வைத்தாள், மீதியை எண்ணி 35 என்றாள். மற்ற நோட்டுகளைப் புரட்டியபோது இதே பிழை மேலும் ஆறு பேரிடம் இருந்தது.

நான் எழுதும் பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவுக்கும் துணைக்கருவிக்கும் மதிப்பீட்டுக்கும் இடமுண்டு. எது குழந்தைகளுக்குப் போய்ச் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று எழுத இடமில்லை. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டத்திலும் காணொலிகளுக்கும் விளக்கங்களுக்கும் நாள் முழுவதும் போய்விடுவதால், பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் இதைப் பேச மதிய உணவு இடைவேளைதான் கிடைக்கிறது. ஜப்பானில் ஆசிரியர்கள் ஒன்றுகூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் குழந்தைகளைக் கவனித்து, பின்னர் கலந்து பேசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்த அளவுக்குக்கூட நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மணி நேரம், ஆசிரியர்கள் தம் வகுப்பு நோட்டுகளோடு வந்து, சரியாக அமையாத ஒரு பாடத்தைப் பற்றிப் பேச ஒதுக்கப்பட வேண்டும். அங்கே பேசப்படும் எதுவும் ஆய்வு அலுவலரின் பார்வைப் பதிவேட்டில் ஏறாது என்ற உறுதியையும் கல்வித்துறை அளிக்க வேண்டும். அந்த உறுதி இல்லாவிட்டால், நன்றாக நடந்த பாடங்களை மட்டுமே நாங்கள் எடுத்துச் செல்வோம்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.