உல்லாசப் பயணிகளுக்காகப் பூட்டப்பட்ட பொது மலசலகூடத்தை எங்களுக்குத் திறந்து தரக் கோரும் மனு

பணிப்பாளர் அவர்கள்,
உல்லாசப் பயண நடைபாதைத் திட்டப் பொறுப்பு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

விடயம்: செட்டியார் தெருப் பின்புறத் தோட்டத்தின் பொது மலசலகூடம் – முன்னைய முறைப்பாடுகளுக்குப் பதில் கிடைக்காமை

மேற்படி விடயம் தொடர்பாக நாங்கள் ஏற்கனவே பதிவுத் தபாலிலும் நேரிலும் கொடுத்த மனுக்கள் தங்கள் பணிமனையில் இருக்கின்றன. ஒன்றுக்கேனும் இன்றுவரை பதில் வரவில்லை. ஆகவே தோட்டம் என்று சொல்லும் இந்த நெருக்கமான ஓரறை வீட்டு வரிசையின் குடும்பங்கள் எல்லாம் கூடிப் பேசி, கையொப்பமிட்டு, இந்த மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றோம்.

இடத்தைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கிவைக்க வந்தபோது தாங்களே நடந்து பார்த்த இடம். ஆடிவேல் ரதம் புறப்படும் கதிரேசன் கோயில்களைத் தாண்டி, நகைக்கடை வரிசை முடிவதற்கு முன்னர், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய முடுக்கு. அந்த முடுக்கின் வாயில்தான் எங்கள் மலசலகூடம். தாங்கள் அதன் புதுச் சுவர் ஓவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள்.

1. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். நாங்கள் உல்லாசப் பயணத்துறைக்கு எதிரானவர்கள் அல்லர். இந்தத் தீவு டொலர் உழைக்கும் வழிகள் சிலவே: தேயிலை, தைத்த உடுப்பு, மத்திய கிழக்குக்குப் போன எங்கள் பெண்களின் சம்பளம், அடுத்தது உல்லாசப் பயணிகள். 2018இல் 23 இலட்சம் பேர் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கடற்கரையோர ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. கொச்சிக்கடை எங்களுக்கு நடை தூரம். அழுத வீடுகள் எங்களுக்குத் தெரிந்த வீடுகள். அதன் பிறகு கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஹோட்டல் சமையலறையிலும் சலவைப் பகுதியிலும் வேலை செய்த எங்கள் பிள்ளைகள் வீட்டில் குந்தினார்கள். முச்சக்கரவண்டிகளை லீசிங்காரர் இழுத்துக்கொண்டு போனார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே அறிவித்தது. டொலர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை வெற்று காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்ற எங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2024இல் 20 இலட்சத்துக்கு மேல் வந்தார்கள், மூன்று பில்லியன் டொலருக்கு மேல் வந்தது என்று கேட்டபோது மனதாரச் சந்தோஷப்பட்டோம். வரட்டும், இன்னும் வரட்டும்.

2. ஆனால் அந்த டொலர் எந்த வழியால் வந்து எந்த வழியால் போகிறது என்பதைத் தாங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். நட்சத்திர ஹோட்டலின் மின்தூக்கி, குளிரூட்டி, வைன், வெண்ணெய் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. இணையத்தில் அறை பதிந்து கொடுத்த வெளிநாட்டுக் கம்பனிக்கும் ஒரு பங்கு. நாட்டில் தங்கும் மிச்சத்தில் முடுக்குக்குள் வந்து சேருவது செவ்விளநீர்க்காரரின் பணமும், வடை சுடும் அக்காவின் பணமும், முச்சக்கரவண்டி வாடகையும்தான். மாலைதீவு 1972இல் முதல் விடுதியைத் திறந்து, 2011இல் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியே வந்தது என்று மேடையில் சொன்னீர்கள். உண்மைதான். அதே மாலைதீவில் சனங்கள் குடியிருக்கும் தீவுகளில் சாதாரண ஆட்கள் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று 2009க்குப் பிறகுதான் வழி விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். விருந்தாளியின் காசு வீட்டுக்காரன் கையில் விழ அங்கே அத்தனை வருடம் எடுத்தது.

3. இனி எங்கள் கோரிக்கை.

எங்கள் தோட்டத்து வீடுகளுக்குள் மலசலகூடம் கிடையாது. ஒரு அறை, ஒரு அட்டாலி, அதில் ஒரு குடும்பம். குழி வெட்ட நிலம் இல்லை, குழாய் கொண்டுபோக இடம் இல்லை. தாத்தாமார் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்குப் புறக்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து முடுக்கு வாயிலில் இருந்த அந்தப் பொது மலசலகூடம்தான் எல்லோருக்கும். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். அழகானது என்று சொல்ல மாட்டோம். கூரை ஒழுகும், கதவுக்குக் கொக்கி இராது. ஆனால் இரவிலும் பகலிலும் திறந்திருந்தது. நாங்களே முறை வைத்துக் கழுவினோம்.

திட்டத்தில் அதைத் திருத்துவதாகச் சொன்னபோது நாங்கள்தான் முதலில் கைதட்டினோம். மாபிள் பதித்தார்கள், கண்ணாடி வைத்தார்கள், கை காயவைக்கும் மெஷின் பூட்டினார்கள். பிறகு வாசலில் உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் என்ற பலகை வந்தது. காலையில் திறந்து பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டு. திறப்பு யாரோ ஒரு குத்தகைக்காரரிடம். நாங்கள் பிரதான வீதியைக் கடந்து பஸ் நிலையப் பக்கம் உள்ளதற்குப் போக வேண்டுமாம். அங்கே ஒவ்வொரு முறையும் காசு. இரவில் அதுவும் பூட்டு.

ஐயா, இதைப் பச்சையாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். மறைத்து எழுதியதால்தான் முன்னைய மனுக்கள் விளங்கவில்லையோ என்று நினைக்கிறோம்.

(அ) பொழுது பட்டால் எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தேத்தண்ணீரும் இல்லை. சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சலத்தில் கிருமி என்கிறார் வைத்தியர், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்கிறார். குடித்துவிட்டு எங்கே போவது?

(ஆ) இரவில் வாளிதான். பத்தடி அறைக்குள், தகப்பனும் அண்ணனும் தம்பியும் படுத்திருக்க, சீலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வயதுக்கு வந்த பிள்ளை வாளியில் குந்த வேண்டும். பிடிப்பது தாய். விடிந்ததும் அந்த வாளியை மூடி எடுத்துக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று தேடுவதும் தாய்தான். கானில் ஊற்றினால் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவேன் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. மழைக்குக் கான் நிரம்பினால் அது வீட்டு வாசலுக்கே திரும்பி வருகிறது.

(இ) மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வசதி இருக்கிறது. காலையில் கழுவி, மாற்றி, வெளிக்கிடுவதற்கு வீட்டில் இடமில்லை, அதனால்தான். சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள்.

(ஈ) சீனி வருத்தக்காரர்கள் இரவில் பல தடவை எழும்ப வேண்டியவர்கள். முழங்கால் பிடித்த ஆச்சி ஒருவர் பிரதான வீதியைக் கடக்கப் பயந்து, நாள் முழுவதும் அடக்கி, கடைசியில் உடுப்போடு போய்விட்டு, மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதார். எழுபது வயது தாண்டிய மனுஷி. வாழ்நாள் முழுவதும் மரியாதையாக இருந்த மனுஷி. அவர் அழுதபோது பக்கத்தில், அதே முடுக்கில், பூட்டிய கதவுக்குப் பின்னால் மாபிள் பளபளவென்று கிடந்தது!

(உ) விடிய நாலு மணிக்கு மூட்டை தூக்கப் போகிற ஆண்கள் எங்கே போகிறார்கள் என்று கேளாதீர்கள். தங்கள் ஓவியச் சுவரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வாடை அங்கிருந்துதான் வருகிறது. நடைபாதையில் நாற்றம் என்று வழிகாட்டிகள் முறையிட்டதாக அறிந்தோம். அந்த முறைப்பாட்டுக்கு உடனே ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் போட்டார். எங்கள் முறைப்பாட்டுக்கு மட்டும் ஆள் இல்லை.

4. பொழுது பட்ட பிறகு, பஸ் நிலையப் பக்கம் உள்ளதும் பூட்டுமுன் போய்வர, டோர்ச் பிடித்துக்கொண்டு சோடியாகப் போகும் பெண்களை மோட்டார் சைக்கிளில் வந்து தொந்தரவு செய்கிறார்கள். பொலிசில் சொல்லியிருக்கிறோம். இதற்கு மேல் இதில் எழுத எங்களால் முடியவில்லை.

5. தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் எங்களிடம் சொன்னார், இது தற்காலிக ஏற்பாடு, நாட்டின் வளர்ச்சிக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. எவ்வளவு காலம் பொறுப்பது ஐயா? ஒரு நாள் பொறுக்கலாம், பட்டினியைக்கூட இரண்டு நாள் பொறுக்கலாம். இதை எப்படிப் பொறுப்பது? உடம்பு தற்காலிகம் பார்க்குமா? தங்கள் பணிமனையில் மாடிக்கு மாடி மலசலகூடம் இருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பின்னேரம் ஆறு மணிக்கு அவற்றைப் பூட்டிவிட்டு விடியும்வரை எல்லோரும் அங்கேயே இருந்து பாருங்கள். அடுத்த நாள் காலையில் எங்கள் மனுவை எடுத்து வாசியுங்கள். கோபத்தில் எழுதுகிறோம் என்று நினைக்க வேண்டாம், வயிறு எரிந்து எழுதுகிறோம்.

வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? ஒல்லாந்தர் கட்டிய ஆஸ்பத்திரி கோட்டையில் 2011 முதல் சாப்பாட்டுக் கடைகளாக இருக்கிறது, அதைப் பார்க்கலாம். சிவப்புப் பள்ளிவாசலைப் பார்க்கலாம். தாமரைக் கோபுரத்தில் ஏறலாம். எங்கள் முடுக்குக்குள் அவர்கள் வருவது எங்களைப் பார்க்கத்தான். எங்கள் வாசல் கோலத்தை, கொடியில் காயும் சீலையை, பூக்கட்டும் கையைப் படம் எடுக்கிறார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். சில பேர் நல்ல மனிதர்கள், பிள்ளைகளோடு கதைக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் கக்கூஸைத்தான் பாவித்துவிட்டு வந்தோம் என்று தெரிந்தால் அவர்களே வெட்கப்படுவார்கள்.

6. 2003ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நிதிச் சட்டத்தின்படி, பதிவு செய்த ஹோட்டல்களும் பயண முகவர்களும் தங்கள் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று உல்லாசப் பயண அபிவிருத்தி வரியாகக் கட்டுகிறார்கள். வழிகாட்டி கூட்டி வரும் ஒவ்வொரு குழுவிலும் எங்கள் முடுக்கின் பெயரில் அந்த வரிப் பணத்தில் ஏதோ ஒரு சதம் சேருகிறது என்றுதானே அர்த்தம்? அதில் எங்களுக்கு வீடு கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. ஒரு கதவைத் திறக்கச் சொல்கிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பது:

பெண்கள் பகுதியை இருபத்துநாலு மணி நேரமும் தோட்டத்தவருக்குக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். இது உடனே. இந்த வாரமே. இதற்கு டெண்டர் தேவையில்லை, மதிப்பீடு தேவையில்லை, திறப்பு ஒன்று போதும். ஆண்கள் பகுதியையும் அப்படியே.

திறப்பு எங்கள் தோட்டத்துப் பெண் ஒருவரிடம் இருக்கட்டும். துப்புரவுக்கு அவருக்கே சம்பளம் கொடுக்கலாம். உல்லாசப் பயணிகளும் தாராளமாகப் பாவிக்கட்டும், அவர்களிடம் கட்டணம் வாங்குங்கள், நாங்கள் மறுக்கவில்லை. தனியாகத்தான் வேண்டும் என்றால் அவர்களின் பஸ் நிற்கும் இடத்தில் புதிதாகக் கட்டுங்கள். எங்களுடையதை எங்களுக்குத் தாருங்கள். அந்தப் பலகையையும் கழற்றுங்கள். எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கிறார்கள்.

இந்தப் பூட்டு யாருடைய கட்டளையில், எந்தக் கடிதத்தின் மூலம் போடப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனி விண்ணப்பமாகவும் இத்துடன் இணைத்திருக்கிறோம். அதற்கு 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும். சிங்களத்தில் வந்தாலும் பரவாயில்லை, தமிழ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டோம். பதில் என்று ஒன்று வரட்டும்.

ஐயா, தங்களைப் புண்படுத்தும் வார்த்தை ஏதும் மேலே விழுந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்களுக்கும் தாய் இருப்பார், பெண் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை நினைத்தாவது இந்த மனுவைக் கோப்புக்குள் வைத்துக் கட்டிவிடாமல், நேரில் ஒருமுறை வாருங்கள். பகலில் வேண்டாம், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள். கதவைத் திறந்து தாருங்கள் என்று மீண்டும் மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தோட்டத்துக் குடியிருப்பாளர்கள் சார்பில்
(கையொப்பங்களும் பெருவிரல் அடையாளங்களும் பின்பக்கத்தில்)

பிரதிகள்: பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்