முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசுமுன் சிப்பியை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதற்கு முன் 1955-இலிருந்து வரிசையாக ஒவ்வொரு வருடமும் நடந்தது என்பதால், பெரியவர்கள் இன்றும் "திரும்ப ஒரு நாள் வரும்" என்று காத்திருக்கிறார்கள். வரட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் பாரில், அதாவது கடலடியில் சிப்பி வளர்கிற கல்திட்டில், இப்போது எத்தனை சிப்பி, எந்த வயதுச் சிப்பி என்று சங்குக்குளிக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சில வாரத்துக்கு முன் என் மச்சான் கடலிலிருந்து ஒரு வெறும் சங்கைக் கொண்டுவந்து காட்டினார். அதன் முதுகில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பதினோரு முத்துச்சிப்பிக் குஞ்சுகள், பச்சை நாரால் இறுக்கிப் பிடித்திருந்தன, ஓட்டின் ஓரம் மீசை முளைத்த மாதிரி இருந்தது. வளர்கிற சிப்பிக்குத்தான் அந்த ஓரம் இருக்கும், வயதானதில் தேய்ந்துவிடும். பார்த்தவர்கள் எல்லோரும் பார் நிறைந்துவிட்டது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அங்கேதான் ஏமாந்துபோகிறோம். குஞ்சு வந்து ஒட்டிப் பிடிப்பது வேறு, அது மூன்று வருடம் தாண்டி முத்துக்கு ஆவது வேறு. இலங்கைப் பக்கம் பெரிய பார் என்று ஒன்று உண்டு, அதில் குஞ்சுகள் குவியலாகப் பிடித்துவிட்டுக் குளிப்புக்கு ஆகும் முன்னே காணாமல் போனது பல தடவை நடந்ததாக நூறு வருடத்துக்கு முன் அங்கே ஆராய வந்த ஹெர்ட்மன் எழுதியிருக்கிறார். திருக்கை தின்னும், கிளாத்தி தின்னும், சூரன் சிப்பி பாய் விரித்தது போலப் படர்ந்து மூச்சை அடைக்கும், மணல் மூடும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு மூன்று வாரம் போல நீரோட்டத்தில் மிதந்துவிட்டுத்தான் கல்லில் ஒட்டுகிறது, அதனால் ஒரு பாரின் தாய்ச்சிப்பிகள் வேறு எங்கோ இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: இந்தச் சிப்பிகளில் பல முதலில் ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாகின்றன, ஆகவே பெரியதாகப் பார்த்து அள்ளினால் முட்டையிடும் தாய்களைத்தான் அள்ளுகிறோம்.

அந்தக் காலத்தில் அதிகாரிகள் குளிப்புக்கு முன்னால் பாரைச் சோதிப்பார்கள், சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டு, கழுவி, முத்தைப் பொறுக்கி, வியாபாரிகளை வைத்து விலை மதித்து, அப்புறம்தான் முடிவு செய்வார்கள். அவர்கள் கணக்கு வருமானத்துக்காக என்றாலும், தொலையிரம் பார் போன்ற பார்களைப் பற்றி நமக்கு இருக்கும் பழைய தகவல் அதில்தான் இருக்கிறது. 1981-இல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பிக் குஞ்சைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள், பெரிய சாதனைதான், நமக்கெல்லாம் பெருமை. அதற்காகக் கடலில் தானாக வளர்கிற சிப்பியைப் பார்க்காமல் விட்டுவிட முடியாது.

அதிகாரிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் அதே பார்களில், அதே மாதங்களில், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை, என்ன அளவு, சினை உண்டா என்று பாருங்கள். படகில் சங்குகுளிக்கிறவர்கள் இரண்டு பேரையாவது கூலி கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள், பத்துப் பன்னிரண்டு பாக ஆழத்தில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் கைவாக்கில் தெரியும். வந்த கணக்கைத் தமிழில் எழுதி திரேஸ்புரம் கடற்கரையில் ஒட்டுங்கள்.

அந்தச் சங்கை மச்சான் மறுநாளே எடுத்த இடத்தில் போட்டுவிட்டு வந்தார். அதில் எத்தனை பிழைத்திருக்கும் என்று தினமும் என்னிடம் கேட்கிறார்.

சங்குகுளிக் குடும்பத்து வாசகர்,
தூத்துக்குடி